எரடு சாக்கு

என் மகளுக்குப் பசி நின்றுபோனது. டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிளேட்லெட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நானும் அவள் அப்பாவும் பங்குச்சந்தைக்காரர்களைப் போல ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் எல்லாம் சரியாகி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காய்ச்சல் போனது. போகும்போது பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. “கொஞ்ச நாள்ல தானா வந்துடும்” என்றார் டாக்டர். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். “கொஞ்ச நாள்” என்றார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள், கரண்ட் பில் ஏறுகிறது என்று அவள் அப்பா கத்துவார். இப்போது தட்டின் முன் உட்கார்ந்து, அட்டெண்டன்ஸ் கொடுப்பதுபோல இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். “பசிக்கலம்மா” என்பாள். அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். அப்படி ஏதாவது செய்தாலாவது நான் பதிலுக்குச் சத்தம் போடலாம். அவளோ ரொம்ப மரியாதையாக மறுத்தாள், கல்யாண வீட்டில் இன்னொரு லட்டு வேண்டாம் என்று சொல்பவரைப் போல. எங்கள் வீட்டில் ‘பசிக்குது’ என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை என்றாகிவிட்டது. எனக்குப் பசித்தால்கூட அவள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் பார்க்கிங்கில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் பிறந்த கொசுதான் கடித்தது என்பது என் தீர்ப்பு. கொசுவை நேரில் விசாரிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று நின்றேன். இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரு சின்னத் தெருவில் தனி வீடு வாடகைக்குக் கிடைத்தது. முன்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒரு கார் நிற்கும் அளவுக்கு வெறும் மண். குடிவந்த அன்று அவள் அந்த மண்ணைப் பார்த்தாள்.

“இதுல ஏதாச்சும் வருமாம்மா?” என்றாள்.

மாதக்கணக்கில் எதைப் பற்றியும் கேட்காதிருந்தவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அது போதும். தான் நட்டு வளர்த்த காயைக் குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஒரு கத்தரிக்காய் காய்த்துவிட்டால் போதும், பசி அதைத் தேடிக்கொண்டு வந்துவிடும் என்று முடிவு கட்டினேன்.

“என்ன போடலாம்?” என்று அவள் அப்பா கேட்டார். “சாப்பிடுற பொருளா பாத்துப் போடுங்க. சிப்ஸ் செடி கிடைக்குமான்னு கேளு.”

“நீங்க சும்மா இருங்க.”

“பானிபூரிச் செடி? அது பந்தல்ல ஏறும்.”

மகள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

தோட்டம் போடுவதற்கு முன் நான் வாங்கிய பொருட்களில் விதை கடைசி. கொசு க்ரீம், கொசு அடிக்கும் பேட், ஜன்னல்களுக்கு வலை, அவளுக்கு முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை சாக்ஸ். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு அவள் கத்தரி விதையோடு வெளியே வந்தபோது, தேன்கூட்டைக் கலைக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். நான் பக்கத்தில் பேட்டுடன் நின்றேன். அவள் குனிந்தால் நானும் குனிவேன். பேட்டில் ‘பட்’டென்று சத்தம் வந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

செடிக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. டம்ளரில் மொண்டு ஊற்றுவேன். உடனே உறிஞ்சாவிட்டால் பழைய துணியால் ஒற்றி எடுத்துப் பிழிந்துவிடுவேன். ஊற்றிய தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஒரே தோட்டக்காரி நானாகத்தான் இருப்பேன். எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பதைத் தாண்டிய, கனத்த குரல்காரர். “ஏன் மாட்தா இதீரா?” என்று கேட்பார், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று. நான் கன்னடத்தில் பதில் சொல்வேன்.

என் கன்னடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பல வருடமாக இந்த ஊரில் இருந்தும், கம்பெனி கேப், ஆபீஸ், அபார்ட்மெண்ட் என்றே காலம் போனதால் எனக்குக் கன்னடம் தேவைப்படவே இல்லை. தனி வீட்டுக்கு வந்தபின்தான் தெருவோடு பேச வேண்டியதாயிற்று. எனக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. பால் என்றால் ஹாலு. பல் என்றால் ஹல்லு. பூ என்றால் ஹூ. பத்து என்றால் ஹத்து. ஆகவே தமிழ்ச் சொல்லின் முதலில் ‘ப’ இருந்தால் ‘ஹ’ போட வேண்டும்; ‘ப’ இல்லாவிட்டால் அப்படியே சொல்லி, முடிவில் கொஞ்சம் இழுக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு நான் தைரியமாக ஊரை வலம் வந்தேன்.

“பக்கத்து வீட்டைப் போய் ஹக்கத்து வீடுன்னு சொல்லிடாத” என்றார் கணவர்.

ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

மண்ணைக் கொத்தியபோதுதான் அது மண்ணே இல்லை என்று தெரிந்தது. சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, ஒற்றைச் செருப்பு, வளைந்த ஆணிகள், யாரோ சாப்பிட்டுப் போட்ட பிளாஸ்டிக் ஸ்பூன். வீடு கட்டியவர்கள் மிச்சத்தையெல்லாம் புதைத்து மேலே ஒரு கைப்பிடி செம்மண் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. மகள் தினமும் பள்ளிக்குப் போகுமுன் வந்து பார்ப்பாள். பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பார்க்காமலே போனாள். அன்று ராத்திரி தயிர்சாதம் ஒரு வாய்தான் இறங்கியது.

மறுநாளே தெருமுனை இளநீர்க்காரரிடம் கேட்டு, மாட்டுக்கொட்டகை வைத்திருக்கும் ஒருவரின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். எருவுக்குக் கன்னடத்தில் கொப்பர என்று இளநீர்க்காரர் சொல்லியிருந்தார். கொப்பரைத் தேங்காயை நினைத்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

“கொப்பர பேக்கு” என்றேன்.

“எஷ்டு பேக்கு மேடம்?” என்றார். எவ்வளவு வேண்டும்? இது எனக்குப் புரிந்தது.

நமக்கு இரண்டு சாக்கு போதும். சாக்கில் ‘ப’ இல்லை. எனவே மாற்றம் எதுவும் தேவையில்லை.

“எரடு சாக்கு” என்றேன்.

“எரடு சாக்கா?”

“ஹௌது. எரடு சாக்கு.”

“தோட்ட தொட்டதா, சிக்கதா?” பெரிய தோட்டமா, சின்னதா என்கிறார். எவ்வளவு அக்கறையான மனிதர்.

“சிக்கது, சிக்கது.”

“ஹாகாத்ரெ எரடு சாக்கு” என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவருவதாகச் சொன்னார். முழுக்க முழுக்கக் கன்னடத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் ஒரு வியாபாரத்தை முடித்திருக்கிறேன் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். கைகொடுத்தார்.

ஞாயிறு காலை தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்கு டிராக்டர் வருவதில்லை. யாரோ வீடு கட்டுகிறார்கள் போல என்று தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கமாக வரும்போது அடிக்கும் அந்தக் ‘கீங் கீங்’ சத்தம் நெருங்கி நெருங்கி எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்றது. நான் கரண்டியோடு வாசலுக்கு ஓடுவதற்குள் டிரெய்லர் தலையை உயர்த்தியது. ஒரு மாட்டுத் தொழுவத்தின் முழு வருடமும் ஒரே மூச்சில் சரிந்து, கேட்டை மூடி, கேட்டுக்குப் பின்னால் நின்ற எங்கள் காரைப் பார்வையிலிருந்து மறைத்தது. ஆவி பறந்தது.

“நில்லுங்க! நில்லுங்க!” என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. டிரைவர் கையை ஆட்டி, ‘பொறு, இன்னொன்று வருகிறது’ என்று சைகை காட்டினார். அவருக்குப் பின்னால் இரண்டாவது டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது.

அதையாவது கொட்டவிடாமல் நிறுத்தலாம் என்று என் கணவர் அரைக்கால் சட்டையோடு கேட்டில் ஏறிக் குதித்தார். குதித்த இடம் எரு. முழங்கால்வரை உள்ளே போய்விட்டார். “ஏண்டி, நீ என்னதான் ஆர்டர் பண்ண?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“ரெண்டு சாக்குங்க! ரெண்டே ரெண்டு சாக்கு!”

“நீவே ஹேளித்ரல்லா மேடம், எரடு சாக்கு அந்தா!” என்று டிரைவர் அதைவிடச் சத்தமாகச் சொன்னார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். அதைத்தானே நானும் சொல்கிறேன்! இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இதற்கிடையில் இரண்டாவது டிரெய்லரும் தலையைத் தூக்கிவிட்டது.

எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். டிரைவரிடம் கன்னடத்தில் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தானைக்குள் தோள் குலுங்கியது.

“ஏம்மா, சாக்குன்னா என்னான்னு நெனச்ச?”

அவர் தமிழ் பேசியது எனக்கு உறைக்கக்கூட இல்லை. “சாக்குதான். சாக்குப் பை.”

“அய்ய! கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம். அவன் லோடு கணக்குல விக்கிறவன். எவ்ளோ வேணும்னு கேட்டிருக்கான், ரெண்டு போதும்னு நீயே சொல்லியிருக்க. சின்னத் தோட்டமான்னு வேற கேட்டானாம். ஆமா சின்னதுன்னு சொன்னியாம். அப்ப ரெண்டு லோடு போதும்னு அவனும் சொன்னானாம். அவன் மேல இன்னா தப்பு?”

“அப்ப சாக்குக்குக் கன்னடத்துல என்ன?”

“மூட்டெ.”

“மூட்டையா? அது தமிழாச்சே!”

“ரெண்டுலயும் அதான்.”

எருவுக்குள் நின்றிருந்த என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “நீங்க தமிழா?”

“இதே ஊர்ல, தமிழ்க்காரங்க இருக்கிற ஸ்ரீராம்புரத்துல பொறந்து வளந்தவ நானு. நீ கன்னடத்துக்காரி, எங்கியோ மலைப்பக்கம் போலருக்கு, அதான் பேச்சு ஒரு தினுசா இருக்குதுன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா ஹக்கத்து வீடு, ஹருப்பு, ஹாத்திரம்னு பேஜார் பண்ணியே. தமிழ்ல சொல்லியிருந்தா நானே ரெண்டு மூட்ட வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?”

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலி என்று நினைத்துப் பதறி ஓடினேன். சிரிப்பு. “ஹருப்பு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. நானும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவள் அரைக்கைச் சட்டையில் இருந்தாள், காலில் சாக்ஸ் இல்லை, சுற்றிலும் ஈ மொய்த்தது. “உள்ள போ! மொதல்ல உள்ள போ!” என்று தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

எருவைத் திரும்ப எடுத்துப் போக டிரைவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கொட்டுவதற்கு மெஷின் இருக்கிறது, அள்ளுவதற்கு இல்லை என்பது அவர்கள் வாதம், நியாயம்தான். பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் தெரு சரிவு. மழை பெய்தால் அத்தனையும் கரைந்து கீழே இருக்கும் எல்லார் வாசலுக்கும் போய்ச் சேரும். அந்தக் குட்டையில் என்னென்ன பிறக்கும் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அம்மா, கொடுத்திரலாம்மா.”

கதவைத் திறந்துகொண்டு வந்திருந்தாள். கையில் காலி பெயிண்ட் டப்பா.

“எல்லார் வீட்லயும் பூந்தொட்டி இருக்கு. ஒவ்வொரு வீடா கேக்கறேன்.”

“நீ போகக் கூடாது. க்ரீம் போடல, சாக்ஸ் போடல…”

“இங்க உன் க்ரீம் வாசனைதான் கொசுவுக்குத் தெரியப் போகுதா?” என்றார் எருவுக்குள்ளிருந்து அவள் அப்பா.

“உடும்மா” என்றார் எதிர்வீட்டு அம்மாள். “பொண்ணு நாலு வீடு போயிட்டு வரட்டும். நீ மண்வெட்டிய எடு.”

அவள் போய்விட்டாள். தெருவில் ஒவ்வொரு கேட்டாகத் தட்டி, “ஆண்ட்டி, கொப்பர பேக்கா? ஃப்ரீ!” என்று அவள் கத்துவது கேட்டது. பள்ளியில் படிக்கும் கன்னடம், என் கன்னடம் அல்ல, எல்லாருக்கும் புரிந்தது. பக்கெட்டோடு வந்தார்கள், உடைந்த வாஷிங் மெஷின் டப்போடு வந்தார்கள். ஒருவர் குழந்தையின் பழைய தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். ஏதோ கோயிலில் பிரசாதம் கொடுப்பதாக நினைத்து ஒரு அம்மாள் டிபன் பாக்ஸோடு வந்து, பார்த்துவிட்டுத் திரும்பினார். மகள் நிரப்பிக் கொடுத்தாள், சுமந்து போய்க் கொட்டினாள், ஓடி வந்தாள். கன்னத்தில் எரு. ஒவ்வொரு முறை அவள் கடந்து போகும்போதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் போய்விடுவாள். நானும் அவள் அப்பாவும் மிச்சத்தை வாரி வாரி எங்கள் மண்ணில் போட்டோம். மண் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது.

முதல் தூறல் விழுந்தபோது தெரு ஏறக்குறைய சுத்தமாகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மகளைக் காணோம்.

கூப்பிட்டேன். பதிலில்லை. வீட்டுக்குள் இல்லை, மாடியில் இல்லை, தெருவின் இரண்டு முனையிலும் இல்லை. மயங்கி எங்கேயாவது விழுந்திருப்பாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, உடம்பில் தெம்பு ஏது? எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கேட்கலாம் என்று உள்ளே ஓடினேன்.

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைகால் கழுவியிருந்தாள், கன்னத்து எரு மட்டும் அப்படியே இருந்தது. தட்டில் ராகிக் களி, குளம்போலக் கீரைச் சாறு. களியைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, விழுங்கிக்கொண்டிருந்தாள். இந்த ராகியை நான் தோசையாக, அடையாக, பிஸ்கட்டாக எத்தனை வேஷம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து ஒதுக்கினாள். கீரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“அங்க நின்னு மூச்சு வாங்கிட்டிருந்தா” என்றார் அந்த அம்மாள். “இன்னா கண்ணுன்னேன். பசிக்குது ஆண்ட்டின்னா.”

“என்ன சொன்னா?”

“பசிக்குதுன்னா. ஏன், உங்க வீட்ல வேற எப்டி சொல்லுவீங்க? ஹசிக்குதா?”

மகள் வாயில் களியோடு சிரித்துப் புரையேறினாள். நான் பதறினேன். அந்த அம்மாள் அவள் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, எனக்கு முதுகைக் காட்டி இன்னொரு உருண்டையை எடுத்து வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அழுகை வந்தது. என்னிடம் சொல்லாததை எதிர்வீட்டில் சொன்னாளே என்ற கோபமும் அதில் பாதி இருந்தது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் முழங்கைவரை எரு. தோளில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

“எதுக்கு அழுவுற? உனக்கும் இருக்குது” என்றார் அவர். “பின்னாடி குழாய் இருக்குது, போய்க் கழுவிட்டு வா. அந்த மனுஷனையும் கூப்டு.”

இப்போது எங்கள் தோட்டத்தில் கத்தரி காய்க்கிறது, தக்காளி சாய்ந்து கிடக்கிறது, கீரை அறுக்க அறுக்க வருகிறது. தெருவில் எல்லார் தொட்டியிலும் ஏதோ ஒன்று பூத்திருக்கிறது. என் மகள் எங்கள் கீரையை எங்கள் வீட்டில் தொடமாட்டாள். தானே அறுத்து, தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே சாறாக்கிய பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதே செய்முறையில் நானும் செய்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கும்மா” என்று மரியாதையாகச் சொன்னாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

நேற்றும் போனாள். போய் வெகுநேரமாகியும் வரவில்லை. லேசாகத் தூறல். நான் ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு பொறுக்காமல் எதிர்வீட்டுக்குப் போன் செய்தேன்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லக்கா. அவ சாப்பிடறாளா?”

“ரெண்டாவது உருண்ட போவுது.”

“நெத்தியத் தொட்டுப் பாருங்களேன். காலைல ஒரு தும்மல் போட்டா.”

மறுமுனையில் கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம்.

“பாத்தேன்” என்றார். “நெத்தி சுடல. களிதான் சுடுது, ஊதி ஊதித் தின்னுட்டிருக்கா. போன வையி.”